நேவி ஆட்டத்தை மனதில் வைத்து முடிவெடுங்கள்

நோட்டர் டேம் பல்கலைக்கழக அறங்காவலர்களுக்கு,

வணக்கம். 2025 டிசம்பரில், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் பட்டியலில் நம் அணி இல்லாமல் போனதிலிருந்து ஒரே பேச்சுதான்: இனியாவது அமெரிக்கன் ஃபுட்பாலில் ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில், சேர்ந்துவிட வேண்டுமாம். தயவுசெய்து சேராதீர்கள்.

அந்த சீசனில் 10 வெற்றி, 2 தோல்வி. மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. இரண்டையும் கூட்டினால் நாலே புள்ளி. உள்ளே போன மயாமியும் தன் கான்ஃபரன்ஸில் சாம்பியன் இல்லை. நேருக்கு நேர் நம்மை வென்றிருந்தது, அதுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. நாமும் மயாமியின் கான்ஃபரன்ஸான ஏசிசியில் இருந்திருந்தால் அந்த 3 புள்ளி மாறியிருக்குமா? பிளேஆஃபில் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கென ஒதுக்கிய ஐந்து இடங்கள் நமக்குக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய சீசனில் இதே தனி அணிதான் இந்தியானா, ஜார்ஜியா, பென் ஸ்டேட் மூன்றையும் வென்று இறுதி ஆட்டம் வரை போனது.

தனியாக நிற்பது நாம் ஆசைப்பட்டுத் தொடங்கியதல்ல. ஒரு காலத்தில் இன்றைய பிக் டென் கான்ஃபரன்ஸ் அணிகள் நம்மைச் சேர்க்க மறுத்தன. அக்கம்பக்கத்தில் ஆட ஆள் இல்லாமல் ஊர் ஊராக ரயிலேறிப் போனோம். அப்படித்தான் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் நமக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். 1999இல் பிக் டென்னே கூப்பிட்டபோது வேண்டாம் என்றவர்கள் உங்கள் முன்னோர்தான்.

எனக்குப் பெரிய விஷயம் நேவி ஆட்டம், அதாவது அமெரிக்கக் கடற்படை அகாடமி அணியோடு நாம் ஆடும் ஆட்டம். இரண்டாம் உலகப்போரில் மாணவர்கள் குறைந்து கல்லூரி தடுமாறியபோது, கடற்படை இங்கே பயிற்சி முகாம் நடத்தித் தாங்கிப் பிடித்தது. அந்த நன்றியைத்தான் வருடாவருடம் ஆடித் தீர்க்கிறோம். 43 ஆட்டம் வரிசையாகத் தோற்ற நேவி, 2007இல் மூன்று ஓவர்டைம் ஆடி 46-44 என்று நம் மைதானத்திலேயே ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வியர்வை சொட்டச் சொட்ட இரண்டு அணிகளும் சேர்ந்து நின்று ஒருவர் கல்லூரிப் பாடலுக்கு இன்னொருவர் மரியாதை செய்வதைப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1927இலிருந்து 2019 வரை ஒரு வருடம்கூட விடாமல் நடந்த ஆட்டம் அது. கொரோனா ஆண்டான 2020இல் ஏசிசி உறுப்பினராக ஒரே ஒரு சீசன் ஆடினோம். அந்த வருடம் நேவி ஆட்டம் இல்லை. தொற்றுதான் முதல் காரணம், சரி. ஆனாலும் கான்ஃபரன்ஸ் போட்ட அட்டவணையில் அதற்கு இடமில்லாமல் போனது.

ஒரு வருத்தமும் சொல்லிவிடுகிறேன். பிளேஆஃப் கிடைக்கவில்லை என்றதும் சீசன் முடிவில் பிளேஆஃபுக்கு வெளியே நடக்கும் பௌல் ஆட்டமே வேண்டாம் என்று ஒதுங்கினோமே, அது சரியில்லை. தனியாக நிற்பவர்கள் அடி விழுந்தாலும் அடுத்த ஆட்டத்துக்கு வரவேண்டும்.

டிவி பணம் கூடுதலாக வரும் என்று யாராவது கணக்குக் காட்டினால், நேவியும் 1926இல் தொடங்கிய யுஎஸ்சி (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போட்டியும் அந்தக் கணக்கில் எந்த வரியில் இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்