சம்பளம் வாங்காத சென்டர் பார்வர்ட்

அன்புள்ள மாப்ள,

எப்படிடா இருக்க? தங்கச்சி, புள்ளைங்கல்லாம் சௌக்கியமா? இங்க வீட்ல பெயிண்ட் வேலை நடக்குது, சாமான் பூரா ஹால்ல குவிஞ்சு கெடக்கு, அதான் பதில் போட லேட்டு. பையன் ப்ளஸ் டூ முடிச்சுட்டான், ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அதக் கேட்டதும் எனக்கு அந்தக் காலத்து இங்கிலாந்து ஃபுட்பால் ஆட்டக்காரர் விவியன் உட்வர்ட் ஞாபகம் வந்துருச்சு, என் புத்தி அப்படி. அந்த ஆளும் ஆர்க்கிடெக்ட்தான்டா.

போன கடிதத்துல நீ எழுதியிருந்தியே, சம்பளம் வாங்காம ஆடுன அந்தக் காலத்து அமெச்சூருங்க எல்லாம் வசதியான வீட்டுப் பசங்க, காசு வேணாம்னு சொல்றது அவங்களுக்கு ஒரு பெருமையான்னு. பாதி சரிதான். 1901ல இங்கிலாந்துல ப்ரொபஷனல் ஆட்டக்காரனுக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல தரக்கூடாதுன்னு ரூல் போட்டாங்க, அதே வருஷம்தான் உட்வர்ட் லண்டன் க்ளப் டாட்டன்ஹாம்ல சேர்றார், அதுவும் சும்மாவே. சொந்தத் தொழில் இருந்தா யார் வேணா அப்படி ஆடலாம், நெலக்கரிச் சுரங்கத்துல இருந்து வந்தவன் ஆட முடியுமா?

ஆனா ஆட்டம் இருக்கே மாப்ள, அது காசு குடுத்தாலும் கெடைக்காது. இங்கிலாந்துக்கு 23 மேட்ச், 29 கோல்! அந்தக் கணக்க 1950கள் வரைக்கும் யாராலயும் தாண்ட முடியல. 1908ல டாட்டன்ஹாம் இங்கிலாந்து க்ளப்புகளோட லீக் போட்டியில நுழைஞ்சதும் மொத மேட்ச்லயே, வுல்வ்ஸ் கூட, க்ளப்போட மொத லீக் கோல அடிச்சதும் இவர்தான். அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக்ஸ்ல கேப்டன், டென்மார்க்க 2-0ன்னு ஜெயிச்ச பைனல்ல ஒரு கோல் இவரோடது. 1912 ஸ்டாக்ஹோம்லயும் கேப்டன், மறுபடியும் டென்மார்க், மறுபடியும் தங்கம்.

நீ சொன்னதுக்கு என்னோட பதில் 1915லதான் இருக்கு. அப்ப அவர் இன்னொரு லண்டன் க்ளப்பான செல்சீ ஆளு, ஆனா யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்குப் போயிட்டார். அவர் இல்லாமயே செல்சீ, இங்கிலாந்தோட பெரிய நாக்-அவுட் கோப்பையான எஃப்ஏ கப் பைனலுக்கு வந்துருச்சு, ஓல்ட் ட்ராஃபோர்ட்ல மேட்ச், கேலரி நெறய காக்கி யூனிபார்ம். இவருக்கு லீவும் கெடச்சுருச்சு, டீம்ல இறக்கிவிடவும் ரெடி. மனுஷன் மாட்டேன்னுட்டார். பைனல் வரைக்கும் டீம கொண்டுவந்தது பாப் தாம்சன், அவன் எடத்த நான் புடுங்க மாட்டேன்னு. தாம்சன் சம்பளத்துக்கு ஆடுறவன், ஒரு கண்ணு வேற கெடயாது. செல்சீ 3-0ன்னு ஷெஃபீல்ட் யுனைடெட் கிட்ட தோத்துருச்சு, அது வேற விஷயம். எஃப்ஏ கப் பைனல்ல ஆடுற சான்ஸ் உட்வர்டுக்கு அதுக்கப்புறம் வரவேயில்ல. காசு வேணாங்கறது வசதி இருக்கறவன் பேச்சுன்னே வச்சுக்குவோம், இத எதுல சேப்ப நீ?

1916ல பிரான்ஸ்ல கையெறிகுண்டு வெடிச்சு தொடையில பலமா அடி, பெரிய ஆட்டமெல்லாம் அதோட சரி. அப்புறம் விவசாயம் பாத்தார், செல்சீல டைரக்டரா கொஞ்ச வருஷம் இருந்தார், 1954ல போய் சேந்தார். இப்ப எத்தன செல்சீ ரசிகனுக்கு இவர் பேர் தெரியும்னு நெனைக்கிற?

சரி, பெயிண்டர் கூப்புடுறான், கலர் காட்டணுமாம். உன் முட்டி வலிக்கு டாக்டர் என்ன சொன்னாருன்னு எழுது, தாம்சன் விஷயத்துக்கும் பதில் போடு, நழுவாத.

உன் மாப்ள