‘ஐரனி’ என்று எழுதியவளுக்குப் பூஜ்யம்: விடைக்குறிப்பு தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலத் தாளுக்கு வினாவும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற தேர்வில் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்திலிருந்து நீங்கள் கேட்ட இரண்டு மதிப்பெண் வினா உங்களுக்கு மறந்திருக்கலாம். என் மாணவிக்கு மறக்கவில்லை. சீசரின் உடலை வைத்துக்கொண்டு பேசும் அவருடைய நண்பன் ஆண்டனி, கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸைப் பற்றி, “புரூட்டஸ் மதிப்பிற்குரிய மனிதர்” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறானே, அந்த இடம். ‘இதில் வந்துள்ள உத்தி எது? ஏன்?’ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் விடைக்குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ரெபிடிஷன் (திரும்பச் சொல்லுதல்), ஒரு மதிப்பெண், வலியுறுத்த, ஒரு மதிப்பெண்.

அவள் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன். “முதல் தடவை சொல்லும்போது கூட்டம் நம்புகிறது. பிறகு ஒவ்வொரு தடவையும் சீசர் செய்த ஒரு நல்லதைச் சொல்லிவிட்டு அதையே சொல்கிறான். கைதிகளின் மீட்புப் பணத்தைக் கருவூலத்தில் சேர்த்தது, ஏழைகள் அழுதபோது தானும் அழுதது, மூன்று முறை மகுடத்தை மறுத்தது. அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து வசவாகிவிடுகிறது. இது ஐரனி.”

ஐரனி என்றால் சொல் ஒன்று, உள்ளே பொருள் அதற்கு நேர்மாறு. இந்தப் பதிலுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பூஜ்யம். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். ‘விடைக்குறிப்பின்படி மாற்றமில்லை’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதே காட்சியில் கூட்டத்திலிருந்து ஒருவன் “அவர்கள் துரோகிகள்; மதிப்பிற்குரியவர்களாம்!” என்று கத்துகிறான். மேடையில் நிற்கும் அந்தப் பெயரில்லாத ரோமாபுரிக்காரனுக்குப் புரிந்தது விடைக்குறிப்புக்குப் புரியவில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவுமில்லை. ஒவ்வொரு அணி வினாவின் விடைக்குறிப்பிலும் ‘அல்லது, வரிகளை ஆதாரம் காட்டும் பொருத்தமான விளக்கம்’ என்று ஒரு வரி சேருங்கள். அவ்வளவுதான்.

எதாஸ், பேதாஸ், லோகாஸ் கதையும் இதேதான். முறையே பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனநிலை, வாதத்தின் வலு என்று அரிஸ்டாட்டில் மூன்றாகப் பிரித்துச் சொல்லி 2,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. பேச்சு எப்படி ஆளைச் சாய்க்கிறது என்று பார்க்கத்தான் அவர் பிரித்தார். நாம் அதை மூன்று கட்டங்களாக்கி, ஒன்றில் மட்டும் டிக் அடிக்கச் சொல்கிறோம். எண் வந்தால் லோகாஸ் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சீசரின் உயிலில் ஒவ்வொரு ரோமானியனுக்கும் 75 திராக்மா என்று ஆண்டனி படிக்கிறான். எண்தான். அதைக் கேட்ட கூட்டம் கணக்கா போட்டது? கொன்றவர்களின் வீடுகளுக்குத் தீ வைக்கக் கிளம்பியது. “புரூட்டஸைப் போல நான் பேச்சாளன் இல்லை” என்று இடையிலே பணிவு காட்டுகிறானே, அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

தமிழில் யோசிக்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. உங்களில் வகுப்பெடுத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் பேசியதில் ‘வீ ஷல் ஃபைட்’ என்பது வாக்கியங்களின் தலையில் வந்து வந்து விழுகிறது, அதற்குப் பெயர் அனஃபோரா. பையன் மனசுக்குள் தமிழாக்கிக் கேட்கிறான்: கடற்கரைகளில் போரிடுவோம், வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம், குன்றுகளில் போரிடுவோம். நமக்கு வினை கடைசியில்தானே வரும்? ‘கடைசியில் மீள்கிறது, எபிஸ்ட்ரஃபி’ என்று எழுதிவிடுகிறான். அமெரிக்க அதிபர் லிங்கன் 1863இல் ‘ஆஃப் தி பீப்பிள், பை தி பீப்பிள், ஃபார் தி பீப்பிள்’ என்று சொன்னதில் ‘பீப்பிள்’ கடைசியில் மீள்கிறது. தமிழிலோ மக்களுடைய, மக்களால், மக்களுக்காக என்று தலையில் வந்து நிற்கிறது. அங்கே அவன் அனஃபோரா என்கிறான். இரண்டும் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆங்கில வரியைப் பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். ஆனால் திரும்ப வருவது காதில் முரசு போல அடித்து ஆளை நிமிர வைக்கிறது என்று அவன் எழுதியிருந்தால், அதற்காவது ஒரு மதிப்பெண் தரக்கூடாதா?

பெயருக்கு மட்டுமே மதிப்பெண் என்றால் பெயர்ப் பட்டியல்தான் விற்கும். விற்கிறது. நாற்பது அணிகள், நாற்பது உதாரணங்கள், ஒரே இரவில் தயார். ‘பாலிசிண்டிட்டன்’ (இணைப்புச் சொற்களை அடுக்கும் அணி) என்பதற்கு எழுத்துப்பிழை இல்லாமல் ஸ்பெல்லிங் எழுதும் பிள்ளை, வெள்ளைக் கோட்டு மாட்டிய நடிகர் பற்பசை விற்றால் டாக்டரே சொல்லிவிட்டார் என்று நம்பிவிட்டு வருகிறது. எதாஸ் பாடத்தில் அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண்! விடைத்தாள் திருத்த ஆசிரியர்கள் எதற்கு, ஓர் அச்சு இயந்திரம் போதுமே என்றுகூடத் தோன்றுகிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான தாள்களை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். நானும் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவள்தான். விடைக்குறிப்பில் இல்லாத நல்ல பதிலைப் பார்த்து, கை கூசக் கூசப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: அந்த ஒரு வரியைச் சேருங்கள். திருத்துகிறவர்களுக்கும் அது தேவைப்படுகிறது.

“அடுத்த தடவை ரெபிடிஷன், வலியுறுத்தன்னே எழுதிடறேன் மிஸ்” என்கிறாள் அந்தப் பெண். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த விடைக்குறிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால், அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை