பீரோவில் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். புது கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமாப்பா என்று நேற்று கேட்டாய், அதற்குள் சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான், பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

வாங்க வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும், ஆனால் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதே. 2017 மே மாதம் வான்னாக்ரை என்று பணம் கேட்டு மிரட்டும் ஒரு புரோகிராம் வந்து ஊர் உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் பூட்டியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. தெருமுனை ஸ்டூடியோக்காரர் ஞாபகம் இருக்கிறதா, பத்தாவது ஹால் டிக்கெட்டுக்கு உன்னைப் படம் எடுத்தவர்? போட்டோ எடிட் செய்யும் சாஃப்ட்வேரைக் காசில்லாமல் எங்கேயோ இறக்கியிருக்கிறார், போடும்போது ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிடு என்று அதில் எழுதியிருக்கிறது, இவரும் ஆஃப் பண்ணியிருக்கிறார். திருடன் வாசலில் நின்று நாயைக் கட்டிப் போடு என்றால் யாராவது கட்டிப் போடுவார்களா? மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், அதில் இவ்வளவு டாலர் கட்டினால் சாவி தருகிறோம் என்று மிரட்டல். காப்பி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இருக்கு சார் என்று சந்தோஷமாக சிபியுவின் பின்னாலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினார். அது ராத்திரி பகலாகச் செருகியே கிடந்திருக்கிறது பாப்பா, அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தது. அவர் பெண்ணின் மஞ்சள் நீராட்டுப் படங்கள்கூட மிஞ்சவில்லை, மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நம் ஆல்பம்தான் கண்ணில் நின்றது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போய், ஆல்பம் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டதும், அம்மா ஒவ்வொரு படமாகத் தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்து கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்ததும் நீ பார்த்ததுதானே. அப்படித் தப்பிய படங்களைத்தான் நான் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறேன். அதனால் ஒரு காப்பி எப்போதும் கம்ப்யூட்டரோடு ஒட்டாமல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை செருகு, புதுப் படங்களை ஏற்று, பிடுங்கி பீரோவில் வை.

பெரியவன் கேம் இறக்குகிறேன் என்று கண்டதையும் தட்டுவான், அவனுக்கு அட்மின் உரிமை, அதாவது கம்ப்யூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம், இல்லாத கணக்கு ஒன்று தனியாகப் போட்டுக் கொடு. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் தெரிகிற மாதிரி வைத்துக்கொள், பிடிஎஃப் என்று நினைத்துத் திறப்பதன் வால் இஎக்ஸ்இ என்று முடியலாம், அது தட்டியதும் ஓட ஆரம்பிக்கும் புரோகிராம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று யாராவது போன் செய்தால் பேசாமல் வைத்துவிடு, மாப்பிள்ளையிடமும் சொல். ஏதாவது ஆகிவிட்டால் முதலில் நெட்டைத் துண்டி. பணம் கட்டாதே, கட்டினாலும் சாவி வரும் என்று ஒரு நிச்சயமும் இல்லை. பேங்க்கில் கை வைத்துவிட்டார்கள் என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் பண்ணு.

பண்ருட்டி முந்திரியோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் பார்சலில் வருகிறது. நம் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே ஒன்று அம்மாவின் பீரோவில் இருக்கிறது, இனி புயல் வந்தாலும் உன்னிடம் ஒன்று இருக்கும். சில்வர் பீச்சில் நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தில் ஓரத்தில் தண்ணீர்க் கறை அப்படியே விழுந்திருக்கிறது. அதைச் சரி பண்ண வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா