பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவிடம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மற்ற எல்லாரும் நலம்.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் உன் கையால்தான் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேக் நன்றாகத்தான் வரும். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், காற்றழுத்தம் குறைவு, அதனால்தான் கேக் வேகமாகப் பொங்கி நடுவில் குழிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொல்லி, அம்மாவைப் பேக்கிங் பவுடரைக் குறைக்கவைத்தவள் நீ. என் கவலை வேறு. கோவையிலிருந்து அதை நீ தனியாக ஓட்டிக்கொண்டு வரப்போகிறாயாம்.

மூன்றையும் அடுக்கிக்கொண்டு மலை ஏறாதே. ஒவ்வொரு அடுக்கும் தனித்தனிப் பெட்டியில் வரட்டும். பெட்டியின் உள்ளளவும் கேக் போர்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், விரல் நுழைய இடம் இருந்தால்கூட நகரும். மேல் அடுக்கைத் தாங்கும் குச்சிகளை ஒரே உயரத்தில் வெட்டி வீட்டிலேயே சொருகிவிடு. மண்டபத்தில் அடுக்கிக்கொள்ளலாம்.

நான் அந்த ரோட்டில் பஸ் ஓட்டியவன். மேட்டில் பாரம் பின்னுக்குச் சாயும், பிரேக் போட்டால் முன்னுக்கு வரும், கொண்டை ஊசியில் வெளிப்பக்கம் தள்ளும். கல்லாறு தாண்டினால் 14 வளைவு, ஒவ்வொன்றிலும் இந்த மூன்றும் மாறி மாறி நடக்கும். பின் சக்கரத்துக்குப் பின்னால் ஆட்டம் அதிகம், கடைசி சீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் வாந்தி எடுப்பார்கள். ஆகவே டிக்கி வேண்டாம். உன் வண்டி டிக்கிக்கு ஏசி காற்றும் போகாது. கிளம்பக் கொஞ்சம் தாமதமானாலும் மேட்டுப்பாளையம் வரை மே மாத வெயில், வெண்ணெய் 32, 35 பாகையிலேயே இளகிவிடும். சீட்டின் மேலும் வைக்காதே, அது பின்பக்கம் சரிந்திருக்கும். பெரிய அடுக்கை உன் பக்கத்து முன் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் தரையில் வை, சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு. மற்ற இரண்டுக்கும் பின் சீட்டில் பாதியை மடித்து, சமமாகப் பலகை போட்டு, அதன் மேல் ரப்பர் விரிப்பு. மீதிப் பாதியில் ஒரு ஆள் உட்கார்ந்து பெட்டியில் கை வைத்துக்கொண்டே வர வேண்டும். ஓட்டுகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பாப்பா. ஆள் கட்டாயம் வேண்டும்.

மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காது என்றாயாம். ஈஸ்டருக்கும் அப்படித்தான் சொன்னாய். சித்தப்பா அழைப்பிதழில் உங்கள் இருவர் பெயரையும் தன் கையால் எழுதி அனுப்பினார். சரி, நான் எதுவும் கேட்கவில்லை. கேக்குக்கு ஒரு ஆள் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சீசன் நேரம். மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஏறத் தொடங்கினால் வண்டி நின்று நின்று போகும், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒரு குலுக்கல். விடிகாலை 4 மணிக்கே கிளம்பிவிடு. உன்னுடையது கோவை வண்டி, நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க மறக்காதே. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருக்காதே, மலையில் அதற்குத் தடை, சோதனையில் மாட்டி வழியில் நிற்க வேண்டாம். கேக்கை இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்து இறுகிய பிறகே ஏற்று. இங்கே வந்ததும் பனிமூட்டத்தில் பெட்டியைத் திறந்துவிடாதே, குளிர்ந்த கேக்கின் மேல் ஈரம் வியர்த்து, மேலே போர்த்திய சர்க்கரை உறை, அந்த ஃபாண்டன்ட், பிசுபிசுத்துப்போகும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். சர்க்கரைப் பூக்களைத் தனி டப்பாவில் கொண்டுவந்து கடைசியில் வை. கொஞ்சம் ஐசிங்கும் தட்டைக் கத்தியும் கைப்பையில் இருக்கட்டும்.

மார்க்கெட்டில் பழைய கண்டக்டர் ஒருவர் "உங்கள் மகள் கேக்தானாமே" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி ஆமாம் என்றேன். அன்று ராத்திரி அம்மா கூப்பிட்டபோது நீ போனை எடுக்கவில்லை. அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எடுத்து "வேலையாக இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன?

ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன். முந்தின நாளே கோவைக்கு இறங்கி உன்னோடு கிளம்பலாம். உன் வீட்டுக்கு வருவது இப்போது சரிப்படாது என்றாலும் ஒன்றுமில்லை, மேட்டுப்பாளையத்தில் தங்கிக் காலையில் பஸ் நிலையத்துக்கு முன்னால் நிற்கிறேன். நீயே ஓட்டு. நான் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். மேட்டில் இரண்டாவது கியரை விடாதே என்பதைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டேன்.

கேக்கை இறக்கிய கையோடு திரும்ப வேண்டியதில்லை. முன் அறையை ஒழித்து வெள்ளையடித்திருக்கிறோம். உன் பெரிய ஓவனுக்குத் தோதாக அங்கே 15 ஆம்ப் பிளக்கும் போட்டாகிவிட்டது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

மூன்று பெட்டிகளின் அளவையும் அங்குலத்தில் அம்மா போனுக்கு அனுப்பு. பலகையை இங்கேயே அறுத்துக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அப்பா