கல்லூரிப் பிட்சரின் கையைப் பயிற்சியாளரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏவின் முதல் பிரிவு பேஸ்பால் குழுவினருக்கும் பேஸ்பால் ஆட்டவிதிக் குழுவினருக்கும்,

வணக்கம்.

கல்லூரி பேஸ்பாலில் ஒரு பிட்சர் ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்துகள் எறியலாம், எறிந்தபின் எத்தனை நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்கு உங்கள் விதிநூலில் வரம்பு எதுவும் இல்லை. அதைக் கட்டாய விதியாக்கக் கோரியே இம்மடலை எழுதுகிறேன். இக்கோரிக்கையை வழக்கமாகப் பிட்சர்களின் உடல்நலத்தை முன்னிட்டு வைப்பார்கள். நான் பிட்சிங் பயிற்சியாளரின் பணிவாழ்வையும் சேர்த்துப் பார்க்கக் கேட்கிறேன். இன்று அந்த வரம்பு அவருடைய மனத்தில் மட்டுமே இருக்கிறது. அவருடைய பணிவாழ்வோ அதை மீறுவதற்குப் பரிசளிக்கும் விதத்தில் அமைந்திருக்கிறது.

இதைத் தமிழில் படிப்போரில் பலருக்குக் கிரிக்கெட்டே பழக்கம் என்பதால் அவர்களுக்காகச் சில வரிகள். பிட்சர் ஓடிவந்து வீசுவதில்லை. மேட்டின் மீது நின்று, ஒரே எட்டில் உடலின் முழு விசையையும் முழங்கை வழியாகப் பந்துக்குக் கடத்துகிறார். அந்த விசையைத் தாங்குவது முழங்கையின் உட்புறத்தில் உள்ள சிறிய தசைநார். அது கிழிந்தால், 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்த அறுவை சிகிச்சைதான் இன்றும் வழி. மீண்டும் ஆட்டத்துக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

கல்லூரிப் பிட்சிங் பயிற்சியாளர் செய்யும் வேலையை நீங்கள் அறிவீர்கள். வெளியே இருப்பவர்கள் அதன் அளவை அறியமாட்டார்கள். அடுத்து எந்தப் பந்தை எறிவது என்பதைத் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்பாலும் பந்தைப் பிடிக்கும் கேட்சரும் பிட்சரும் முடிவு செய்கிறார்கள். கல்லூரியில் பெரும்பாலான அணிகளில் அதைப் பயிற்சியாளரே இருக்கையிலிருந்து சொல்கிறார். ஒருவழி மின்னணுக் கருவி மூலம் சொல்ல 2022 முதல் நீங்களே அனுமதித்தீர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு ஆட்டங்களுக்கு மூன்று தொடக்கப் பிட்சர்களையும் வாரநடு ஆட்டத்துக்கு இன்னொருவரையும் அவர் தயார்செய்கிறார், ஆட்டத்துக்கு வெளியே எறிந்து பழகும் புல்பென் பயிற்சியை வகுக்கிறார், டிராக்மேன், ராப்சோடோ கருவிகள் தரும் சுழற்சி, வேகக் கணக்குகளைப் படிக்கிறார், ஆட்டமில்லாத நாட்களில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறார். ஒரு பருவத்தில் 56 ஆட்டங்கள். அதற்கு மேல் கல்லூரிகளின் கூட்டமைப்புக்குள் (கான்ஃபரன்ஸ்) நடக்கும் போட்டி, பிறகு 64 அணிகளின் தேசியப் போட்டி.

இந்த வேலைக்கு வரும் வழி நெடுங்காலம் ஊதியமில்லாத வழியாகவே இருந்தது. முதல் பிரிவு அணியொன்றில் தலைமைப் பயிற்சியாளரும் ஊதியம் பெறும் இரண்டு உதவியாளர்களும் மட்டுமே இருக்கலாம், நான்காமவர் தன்னார்வலராகத்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் விதி சொன்னது. அந்த நான்காம் இடத்தில் இருந்தவர்கள் கோடை முகாம்களிலும் தனிப்பயிற்சியிலும் கிடைத்ததை வைத்துப் பிழைத்தார்கள். அவர்கள் தரப்பில் வழக்கும் தொடுக்கப்பட்டது; 2023 ஜூலை 1 முதல் அந்த விதியை நீக்கினீர்கள். தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு. ஆனால் ஊதியமில்லாமல் சில ஆண்டுகள் காத்திருந்து மேலே வந்த ஒருவர், கையில் கிடைத்த ஒரு நல்ல பருவத்தை எப்படிப் பார்ப்பார் என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தொழிலில் ஒருவர் எவ்வளவு விரைவாக மேலேறலாம் என்பதற்கு வெஸ் ஜான்சனைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆர்க்கன்சாவில் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளராக இருந்தவர், டல்லாஸ் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பிட்சர்களின் வேகத்தைக் கூட்டுபவர் என்று பெயர் பெற்றார். 2016இல் மிசிசிப்பி ஸ்டேட், அடுத்த இரு பருவங்கள் ஆர்க்கன்சா பல்கலைக்கழகம், 2019இல் நேராக அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகின் மினசோட்டா ட்வின்ஸ் அணி. பிறகு யாரும் எதிர்பாராதபடி, 2022இல் பருவத்தின் நடுவிலேயே மேஜர் லீகை விட்டுக் கல்லூரி ஆட்டத்துக்கே, லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்எஸ்யூ) திரும்பினார். 2023இல் அவர் கையில் வளர்ந்த பால் ஸ்கீன்ஸ் அந்தப் பருவத்தில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் (அதாவது பந்தை ஆட்டத்துக்குள் அடிக்க விடாமலே வெளியேற்றினார்), எல்எஸ்யூ தேசியப் பட்டம் வென்றது, ஸ்கீன்ஸ் புதிய வீரர்களை அணிகள் எடுக்கும் மேஜர் லீக் தேர்வில் முதலாமவராக எடுக்கப்பட்டார். ஜான்சன் அப்போதே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டுவிட்டார். எட்டு ஆண்டுகளுக்குள் ஐந்தாவது இடம்.

அவரை நான் குறை சொல்லவில்லை. திறமைக்குக் கிடைத்த உயர்வு அது. ஒமாஹா நகரில் நடந்த அந்தத் தேசியப் போட்டியின் இறுதித் தொடரில் ஸ்கீன்ஸ் மேட்டில் ஏறவே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் சுட்டுவது இரண்டு கடிகாரங்களின் வேறுபாட்டை. ஒரு பையனின் வேகம் மணிக்கு 91 மைலிலிருந்து 96 மைலாக உயர்ந்தால் அது அடுத்த வாரமே காணொளியில் வரும், அடுத்த பருவத்தில் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் வரும். அந்த வேகத்துக்குத் தசைநார் கொடுக்கும் விலையோ இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து வரலாம். அப்போது பையன் வேறு கல்லூரியிலோ ஒரு தொழில்முறை அணியின் அடிமட்டத்திலோ இருப்பான். பயிற்சியாளர் இன்னொரு மாநிலத்தில் பெரிய பொறுப்பில் இருப்பார். இந்தக் கணக்கு யாருடைய பேரேட்டிலும் ஏறுவதில்லை.

மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட காய அறிக்கை இதைத்தான் வேறு சொற்களில் சொன்னது: வேகத்தையும் சுழற்சியையும் துரத்துவதும், ஒவ்வொரு பந்தையும் முழு விசையுடன் எறிவதும் காயங்கள் பெருகுவதற்கு முக்கியக் காரணங்கள், அப்பழக்கம் தொழில்முறைக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. 2008இல் மணிக்கு 91 மைலை ஒட்டியிருந்த மேஜர் லீக் வேகப்பந்தின் சராசரி, 2024இல் 94 மைலைத் தாண்டிவிட்டது.

இனி நான் புரிந்துகொள்ள இயலாத ஒன்று. லிட்டில் லீக் 2007 முதல் சிறுவர்களுக்குப் பந்து எண்ணிக்கையை வரையறுத்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் 2017 முதல் ஒவ்வொரு மாநிலச் சங்கமும் அத்தகைய வரம்பை வைத்திருக்க வேண்டும். தொழில்முறை அணிகளுக்கு விதி தேவையில்லை. தாங்கள் கொட்டிய பணத்தைக் காக்க அவை தாமே எண்ணிக்கொள்கின்றன. இடையில் உள்ள மூன்று, நான்கு கல்லூரி ஆண்டுகள் மட்டும் வேலியில்லாமல் கிடக்கின்றன. மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல் 19 முதல் 22 வயது வரை ஓர் ஆட்டத்துக்கு 120 பந்துகள் என்கிறது. 106 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தால் ஐந்து நாள் ஓய்வு என்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல் மட்டுமே. கிரிக்கெட்டில்கூட இங்கிலாந்து வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று கட்டுப்படுத்துகிறது.

வேலியில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2009 மே 30ஆம் நாள் ஆஸ்டினில் நடந்த தேசியப் போட்டி ஆட்டம் ஒன்று போதும். வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டத்தை டெக்சாசும் பாஸ்டன் கல்லூரியும் 25 இன்னிங்ஸ் ஆடின. ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டெக்சாசின் ஆஸ்டின் வுட் இடையில் வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்துகள் எறிந்தார். முந்தைய நாளும் எறிந்திருந்தார். டெக்சாஸ் வென்றது. வுட் பின்னர் மேஜர் லீகை எட்டவில்லை; அதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம் என்று எவராலும் நிறுவ முடியாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்கையில் அந்த இளைஞரை இறக்கியிருக்க வேண்டியவர் யார் என்பதே என் கேள்வி. அவராக இறங்கமாட்டார், இருபது வயதில் யார்தான் இறங்குவார்கள்? தலைமைப் பயிற்சியாளருக்கும் பிட்சிங் பயிற்சியாளருக்கும் ஆண்டு முழுவதும் செய்த வேலை அந்தத் தேசியப் போட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. விதி ஒன்று இருந்திருந்தால் எவருக்கும் அந்தத் தர்மசங்கடம் நேர்ந்திருக்காது.

அது பழைய கதை என்று சொல்வதற்கில்லை. 2025 ஒமாஹாவில் ஆர்க்கன்சாவின் கேஜ் வுட், முரே ஸ்டேட் அணிக்கு எதிராக 119 பந்துகளில் 19 ஸ்ட்ரைக் அவுட்டுகளுடன் எதிரணியை ஒரு ஹிட் கூட அடிக்க விடாமல் ஆட்டத்தை முடித்தார். சில நாட்களில் எல்எஸ்யூவின் கேட் ஆண்டர்சன் 130 பந்துகள் எறிந்து கோஸ்டல் கரோலினாவை 1–0 என்று வீழ்த்தினார். இரண்டும் பார்க்கக் கிடைத்தற்கரிய ஆட்டங்கள். முதலாவது 120 பந்து வரம்பின் கீழேயே முடிந்தது என்பதைக் கவனியுங்கள். வரம்பு வந்தால் ஆட்டத்தின் அழகு போய்விடும் என்ற வாதம் அங்கேயே தளர்கிறது. இரண்டாவதை வரம்பு பத்துப் பந்துகளுக்கு முன்னால் நிறுத்தியிருக்கும். ஒரு ரன் முன்னிலையில் அந்த இழப்பு சிறியதன்று. ஆயினும் கேட்கத்தக்க விலைதான்.

ஒவ்வொரு கையும் வேறு, ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், அதனால்தான் அந்த எண்ணுக்குக் கீழே முழு உரிமையும் அவர்களுக்கே இருக்கட்டும் என்கிறேன். அணிக்கு 34 வீரர்கள் என்ற புதிய வரம்புக்குப் பின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் கைகள் இன்னும் குறையக்கூடும் என்பதால், இதைத் தள்ளிப்போடவும் கூடாது.

விதிநூல் இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. அடுத்த பதிப்பில் 120 பந்து வரம்பையும் ஓய்வு நாட்களையும் சேர்த்துவிடுங்கள். எதிரே நிற்கும் பேட்டருக்கு எறிந்து முடிக்க மட்டும் விலக்கு அளியுங்கள். தேசியப் போட்டிக்குத் தனிச் சலுகை வேண்டாம், ஏனெனில் மீறல் நடக்கும் இடமே அதுதான். கூடவே, ஒவ்வொரு கல்லூரியிலும் ஆண்டுதோறும் எத்தனை பிட்சர்களுக்கு முழங்கை, தோள்பட்டை அறுவை சிகிச்சை நடந்தது என்ற எண்ணிக்கையைப் பெயர்கள் இல்லாமல் வெளியிடச் செய்யுங்கள். ஒரு பயிற்சியாளரை வேலைக்கு எடுக்கும் பல்கலைக்கழகமும், அவரிடம் மகனை அனுப்பும் பெற்றோரும் வெற்றிகளின் பட்டியலோடு அதையும் படிக்கட்டும். இதற்குப் புதிய செலவு அதிகமில்லை. எறியப்பட்ட பந்துகளின் எண்ணிக்கை இப்போதே ஸ்கோர் அட்டைகளில் அச்சாகிறது.

இப்படிக்கு,
கல்லூரி பேஸ்பாலைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு தமிழ் ரசிகர்