வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எங்களோடு நின்றவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். சேற்றை வழித்துக் கொட்டி, கிணற்றை இறைத்து, நனைந்த பாய் தலையணையெல்லாம் வெயிலில் காய்ந்த பிறகுதான் ஆறுதலாக இருந்து எழுத முடிந்தது, அதனால் இந்த நன்றி கொஞ்சம் பிந்தி வருகிறது. எங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கனகராயன் ஆறு எங்கள் வயல்களைத் தடவிக்கொண்டுதான் சுண்டிக்குளம் பக்கம் போகும். அந்தக் கீழ்க்கரையில் இருக்கிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எங்கள் ஒழுங்கையில் ஒரு உயிரும் போகவில்லை. அதற்குக் காரணமானவர்களைத் தேடித் தேடி நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

முதல் நன்றி எங்கள் பிரதேச சபைக்கு. சாப்பாட்டுப் பொதி தந்ததற்கு மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பொதி கொடுக்கும்போது படம் எடுக்க ஆட்கள் வருவார்கள், ஆனால் மாரிக்கு முன்னம் கொளுத்துகிற வெயிலில் ஒரு மதகு வாயில் அடைத்துக் கிடந்த சல்வீனியா என்ற நீர்க்களையையும் மரக்கட்டைகளையும் பெக்கோ இயந்திரம் வைத்து இழுத்து எடுத்தபோது அங்கே நின்றது நாலைந்து சபைத் தொழிலாளர்களும் வேடிக்கை பார்த்த பிள்ளைகளும்தான். அந்த வேலைக்குத்தான் என் முதல் நன்றி.

2018 டிசம்பர் 21 இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. புனரமைத்து 36 அடிக்கு உயர்த்திய குளம் நிரம்பி, மழையும் விடாமல் அடித்து, தண்ணீர் இருட்டில்தான் வீட்டுக்குள் வந்தது. எப்போது குளத்து வான்கதவு திறந்தது, யார் யாருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்ற விசாரணைகளுக்குள் நான் இப்போது போகவில்லை. தண்ணீர் வடிந்த கையோடு, அந்த வருடம்தான் தெரிவாகியிருந்த சபை பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தது. வழமையான பேச்சுத்தான் நடக்கும் என்று இருந்தோம். சபை அலுவலகத்து அக்கா ஒருவர் ஒரு பெரிய சி.ஆர். கொப்பியோடு இருந்து ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதினார். எந்த வீட்டில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது, எந்த ரோட்டு முதலில் அறுந்தது, எந்த மதகு அடைத்தது, நடக்க முடியாதவர்கள் யார், எந்த வீட்டில் கர்ப்பிணித் தாய். வன்னியில் யுத்தத்தில் காலை இழந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "ஓடுங்கோ" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் சக்கர நாற்காலியில் இருக்கிறவர் எங்கே ஓடுவார்? அந்தக் கேள்வியை ஒரு தாய் எழும்பிக் கேட்டார், அதையும் அக்கா எழுதினார்.

பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரைக்கும் தெரிவான உறுப்பினர்கள் என்று எவரும் இருக்கவில்லை. அந்த இடைவெளியில் கொப்பி காணாமல் போயிருக்கலாம், பழைய கோப்புகளுக்கு நடப்பது அதுதானே. போகவில்லை. அக்கா அதைப் பத்திரமாக வைத்திருந்தார். புதிதாக வந்த தவிசாளரும் உறுப்பினர்களும், எல்லாக் கட்சிக்காரரும் சேர்ந்து, அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து வந்தார்கள். எங்களுடைய கிரவல் ரோட்டை முன்னொரு காலத்தில் உயர்த்திப் போட்டபோது அடியில் தண்ணீர் போக வழி விடவில்லை, ரோட்டு நல்ல வடிவாக இருந்தது, ஆனால் வெள்ளத்தில் அதுவே அணையாக நின்று மேற்குப் பக்க வீடுகளை மூழ்கடித்தது. அதை ஊரவர்கள் 2018 கூட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். இந்த முறை மழைக்கு முன் ரோட்டை வெட்டி மூன்று இடத்தில் கொங்கிறீட் குழாய் இறக்கினார்கள். மேற்குப் பக்கத்தில் இந்தமுறையும் தண்ணீர் வந்தது, ஆனால் முற்றத்தோடு நின்றுவிட்டது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். குளமும் வான்கதவும் சபையின் பொறுப்பில் இல்லை, அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வேலை. அவர்கள் இத்தனை கதவு, இத்தனை அங்குலம் என்று அறிவிப்பார்கள். கமக்காரருக்கு அது ஓரளவு விளங்கும், வீட்டில் பிள்ளைகளோடு தனிய இருக்கிற தாய்க்கு அந்த அங்குலத்தை வைத்து என்ன செய்வது? சபை கமக்கார அமைப்போடு இருந்து அதை எங்கள் கணக்குக்கு மாற்றியது. இவ்வளவு திறந்தால் கோயிலடி மதகு மூடும், இன்னும் கூட்டினால் முன்பள்ளி வாசலுக்கு வரும், அதற்கு முன்னம் மாடுகளை மேட்டுக்குச் சாய்த்துவிடுங்கள் என்று. பாலத்துத் தூணில் சிவப்புக் கோடும் அடித்தார்கள். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் பக்கம் மழை கொட்டினால் எங்கள் ஊரில் வெயில் எறித்தாலும் பயப்பட வேண்டும் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்த விசயம், ஆனால் அங்கே எவ்வளவு மழை என்று கேட்டுச் சொல்ல ஆள் வேண்டுமே. மின்சாரம் போய், போன் சிக்னலும் விட்டு விட்டு வந்த அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ பகல் வெளிச்சம் இருக்கும்போதே எங்கள் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டிய தம்பி, உன் தொண்டை கட்டிப்போனதும் எங்களுக்குத் தெரியும் அப்பன். நன்றி.

இரவு இரவாக இரணைமடுவில் நின்ற நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தர்களுக்கும் நன்றி. நாற்காலியில் இருப்பவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் முதலில் ஏற்ற வேண்டும் என்று பட்டியலைப் பார்த்துப் பெட்டி பூட்டிக்கொண்டு வந்த உழவு இயந்திரக்கார அண்ணன்மாருக்கு, இடுப்பளவு தண்ணீரில் அம்மாமாரைத் தூக்கிக்கொண்டு நடந்த விளையாட்டுக் கழகப் பொடியளுக்கு, கடற்கரையிலிருந்து வள்ளங்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தரைவழியே வந்த கடற்தொழிலாளர் சங்கத்தாருக்கு, பள்ளிக்கூடத்தில் விறகு நனைந்தும் சோறு போட்ட மாதர் சங்கத்து அக்காமாருக்கு. கிராம அலுவலர் தன் சொந்த வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதுதான் எங்கள் பெயர்களைப் பதிந்துகொண்டு நின்றார். சுண்டிக்குளம் பக்கம் கடனீரேரியின் வாயை வெட்டி விடப்போன கடற்படையினர் 5 பேர் திரும்பி வரவில்லை. எங்கள் தண்ணீரும் வடிகிற இடம் அது. அவர்களின் வீட்டாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நினைக்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகும் சபை போய்விடவில்லை. கலி பவுசர் வந்து நிரம்பிய மலசலகூடக் குழிகளை எடுத்தது, கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டார்கள், அது வரைக்கும் பவுசரில் குடிதண்ணீர் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா வயலுக்குள் இறங்குகிறவர்களை மறித்து மறித்து எலிக்காய்ச்சல் குளிசை தந்தார், 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சலில் ஆட்கள் செத்ததைப் பார்த்த பிறகு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது திரும்பவும் கூட்டம் வைத்திருக்கிறார்கள், அக்கா திரும்பவும் எழுதினார். தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் சக்கர நாற்காலி உள்ளே போகிற மலசலகூடம் ஒன்றாவது வேண்டும் என்று சொன்னோம், சரி என்று குறித்தார்கள். மாடுகளைத்தான் இந்த முறை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை, சாய்த்துப் போக மேட்டுக்காணி இல்லை. அதற்கென்று தனியாக ஒரு நாள் பட்டிக்காரரைக் கூப்பிட்டுக் கதைப்பதாகத் தவிசாளர் சொன்னார். பட்டி வைத்திருக்கிற எல்லாரும் அன்றைக்கு வாருங்கள், எந்த மேட்டில் எத்தனை மாடு நிற்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.