புளூட்டோவும் ஆகாயத்தாமரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில், "புளூட்டோ ரொம்பச் சின்னது, அதனால் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்" என்று போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர், "ஓட்டுப் போட்டுக் கோளை நீக்குவது என்ன அறிவியல்? நம் நவக்கிரகத்தில் என்றைக்காவது ஒன்று கூடியதா, குறைந்ததா?" என்று புதன்கிழமை எழுதியிருந்தார். இரண்டு தரப்புக்கும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரு சேதி இருக்கிறது. வெண்ணாற்றுப் பாசனத்தில் லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடும் பணியாளாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதகடியில் ராக்காவல் இருப்பவனுக்கு வானத்தைப் பார்ப்பதைவிட்டால் வேறு பொழுதுபோக்கு கிடையாது.

2018-இல் மேட்டூரை ஜூலை 19 அன்று திறந்தார்கள். முக்கொம்பில் மதகுகள் உடைந்ததும் அந்த வருஷம்தான். எங்கள் ரெகுலேட்டர் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாளிலிருந்து ராத்திரியில் நான் கரையை விட்டு நகரவில்லை. தென்கிழக்கில் பழுத்த மிளகாய் நிறத்தில் ஒன்று எழும்பும். செவ்வாய். சுற்றியிருந்த விண்மீன்களை அடையாளம் வைத்துப் பார்த்தால், வாரத்துக்கு வாரம் அது மேற்கே பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஜோசியர் இதை வக்கிரம் என்பார். பூமி உள்தடத்தில் வேகமாகப் போய்ச் செவ்வாயை முந்துகிறது; ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சைக்கிள்காரன் பின்னால் போகிற மாதிரி தெரியுமே, அதுதான் சங்கதி. 27-ஆம் தேதி பின்னிரவு முழுச் சந்திர கிரகணம் வேறு. நூறு நிமிஷத்துக்கு மேல் நிலா செம்புப் பாத்திரம்போலக் கிடந்தது. கொஞ்சம் தள்ளிச் செவ்வாய், அதைவிடப் பளிச்சென்று.

கோள் என்ற சொல்லுக்கு முதல் இலக்கணம் இப்படிப் பார்த்தவர்கள் வைத்ததுதான். இடம் மாறாத மீன் நாள்மீன், அவற்றுக்கு நடுவே நடமாடுவது கோள்மீன் என்று சங்க காலத்திலேயே பிரித்துவிட்டார்கள். நடமாட்டம்தான் கணக்கு என்றால் சூரியனும் சந்திரனும் கோள். காலுக்குக் கீழே அசையாமல் கிடக்கிற பூமி கோள் இல்லை. ராகுவும் கேதுவும் உருவமே இல்லாதவை, சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். கிரகணம் அந்த இடத்தில்தான் பிடிக்கும் என்பதால் அவற்றையும் சேர்த்தார்கள். நவக்கிரகத் தலங்களான திங்களூருக்கும் கஞ்சனூருக்கும் போய்க் கும்பிடுகிறவன்தான் நானும். அந்த ஒன்பது வேறு ஒரு கேள்விக்கான பதில், அதைக் கொண்டுவந்து இந்தக் கணக்கில் கழிக்கக் கூடாது.

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லும் கோப்பர்னிக்கஸின் நூல் 1543-இல் வந்தது. அதன்பின் சூரியன் பட்டியலிலிருந்து போனது, பூமி உள்ளே வந்தது, சந்திரன் பூமிக்குத் துணையாகிவிட்டது. அதற்காக இன்றைக்கு யாரும் வருத்தப்படுவதில்லை. சீரிஸுக்காகவும் யாரும் அழவில்லை. 1801 ஜனவரி 1 அன்று பியாட்சி என்பவர் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே அதைக் கண்டுபிடித்தார். சில பத்தாண்டுகள் அதுவும் கோள் என்றே எண்ணப்பட்டது. அப்புறம் அதே தடத்தில் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று வரிசையாக வர, இப்படியே போனால் கட்டாது என்று எல்லாவற்றையும் சிறுகோள் என்று தனியாக ஒதுக்கினார்கள்.

புளூட்டோவுக்கு நடந்ததும் இதேதான். 1930-இல் டோம்போ என்பவர் கண்டுபிடித்தபோது பூமி அளவுக்குக் கனமாக இருக்கும் என்று நினைத்தார்கள். 1978-இல் அதன் துணையான சாரோன் தென்பட்டபின் எடை போட முடிந்தது. பூமியின் எடையில் நானூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 1992 முதல் அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்கட்டி உருண்டைகள் அகப்பட்டன. 2005-இல் அறிவித்த ஏரிஸ் புளூட்டோவைவிடவும் கனம். ஏரிஸைச் சேர்ப்பதா, புளூட்டோவை எடுப்பதா? 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் கூடியபோது, முதலில் பன்னிரண்டு கோள் என்றுதான் ஒரு வரைவு வந்தது. அது எடுபடவில்லை. 24-ஆம் தேதி முடிவானது இது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் எடையாலேயே உருண்டை ஆகியிருக்க வேண்டும், தன் தடத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டிலும் புளூட்டோ பாஸ். மூன்றாவதில்தான் போச்சு.

அந்த மூன்றாவது எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் வரும்போது மதகுக்கு முன்னால் ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைந்து நிற்கும். ஷட்டரைத் தூக்கினால் கொஞ்ச நேரம் முனகும், அப்புறம் பொத்தென்று பிய்ந்து மொத்தமாக ஓடிவிடும். இழுப்பு உள்ள தண்ணீர் அப்படி. கடைமடை வாய்க்காலில் அது நடக்காது; அங்கே தண்ணீர்தான் தாமரைக்கு நடுவே வழி கேட்டு ஊர்ந்துபோகும். வானத்தில் அந்த இழுப்பைக் கொடுப்பது எடை. பூமி தன் தடத்தில் மிச்சமிருக்கும் கல் எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பல லட்சம் மடங்கு கனம். புளூட்டோவோ, தன் தடத்தில் இருக்கும் மற்றவற்றின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே ஆசிரியரே, "சின்னது, அதனால் எடுத்தார்கள்" என்பது சரியில்லை. வியாழனைச் சுற்றும் கானிமீட் புதன் கோளைவிடப் பெரியது. அதைக் கோள் என்கிறோமா?

ஓட்டு விஷயத்தில் வாசகருக்குப் பாதி ஆதரவு தருகிறேன். கூட்டத்தின் கடைசி நாளில் நானூற்றுச் சொச்சம் பேர்தான் கை தூக்கினார்கள், இலக்கணத்திலும் ஓட்டை இருக்கிறது. சூரியனைச் சுற்ற வேண்டும் என்று எழுதிவிட்டதால், வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் ஆயிரக்கணக்கான கோள்கள் இதற்குள் வராது. துப்புரவு என்பதற்கு என்ன அளவு என்றும் தீர்மானத்தில் சொல்லவில்லை. ஆனால் ஓட்டு விழுந்தது என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதற்குத்தான், புளூட்டோவுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பக்கம் ஆறா வாய்க்காலா என்று ரிஜிஸ்டரில் எப்படி எழுதுகிறார்கள் என்பதை வைத்துத்தான் யார் தூர் வாருவது என்ற தகராறே. எப்படி எழுதினாலும் அதில் ஓடுகிற தண்ணீர் ஒரு குடம் கூடுவதில்லை.

சிறுவர் பக்கத்தில் திருத்தம் போடுவதானால், படத்தில் நெப்டியூன் தடத்துக்கு உள்ளே கொஞ்ச தூரம் புளூட்டோ தடம் புகுந்து வருகிற மாதிரி வரையச் சொல்லுங்கள். 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது. "அப்போ ரெண்டும் முட்டிக்காதா தாத்தா?" என்று என் பேத்தி கேட்டாள். முட்டாது. நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் புளூட்டோ இரண்டு சுற்று. ஒன்று அந்தப் பக்கம் வரும்போது மற்றது வெகுதூரத்தில் இருக்கும். நம் முறைப்பாசனம்போலத்தான் என்றேன். ஒரு வாய்க்காலுக்கு முறை வந்தால் அடுத்ததற்கு ஷட்டர் இறங்கியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.